லெல்லா தாவூஸை யார் இறக்குவது

இளவரசி லெல்லா தாவூஸை நாடு கடத்தியது ஒரு வியாழக்கிழமை. துனிஸ் ரயில் நிலையத்தில் விடிந்ததிலிருந்தே சிப்பாய்கள் நின்றார்கள். ஊரே திரண்டு வந்துவிடும் என்று நாட்டை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களுக்குப் பயம். அந்தப் பயம் வீண் போகவில்லை. அவள் வாழ்ந்த ஹல்ஃபாவின் பேட்டையில் ஒரு கடையும் திறக்கவில்லை. நிலையத்து இரும்பு வேலிக்கு வெளியே ஆண்களின் சிவப்புக் குல்லாய்களும் பெண்களின் வெள்ளைப் போர்வைகளும் தவிர வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. நடைமேடைக்குள் போக மட்டும் இரண்டே பேருக்கு அனுமதி. உடன்பிறந்த ஆண்களைத் தவிர யாரும் கூடாது என்று உத்தரவு.

ஒருவர் சீதி ருஸ்தம். மறைந்த மன்னருக்கு வேறொரு மனைவியிடம் பிறந்தவர். லெல்லா தாவூஸுக்கு அண்ணன் முறை. பிரெஞ்சு அதிகாரியின் பக்கத்தில் நின்று, அவன் நீட்டிய தீக்குச்சியில் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவன் ஹத்தாப். பேட்டை முனையில் லப்லாபி விற்கிறவன். கொதிக்கிற கொண்டைக்கடலைச் சாற்றைக் காய்ந்த ரொட்டித் துண்டுகள்மேல் ஊற்றி, மிளகாய் விழுதும் எலுமிச்சையும் சேர்த்துக் கொடுக்கிற கடை அது. அவன் கையில் ஒரு தூக்குப் பாத்திரம் இருந்தது.

கடலைச் சாறு விற்கிறவன் எப்படி இளவரசிக்கு உடன்பிறப்பானான் என்று அந்த ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். அவன் அம்மா ஷெல்பியா அரண்மனையில் பால் கொடுத்தவள். ஹத்தாப் கைக்குழந்தையாக இருந்தபோதுதான் இளவரசியும் பிறந்தாள். ஒரே மார்பில் குடித்தவர்கள் அண்ணன் தங்கை. அவர்களுக்குள் கல்யாணம் இல்லை, முகத்திரை இல்லை, கூச்சமும் இல்லை. ரத்தம் என்ன உரிமை தருமோ அதையெல்லாம் பாலும் தரும். ஊர் பார்க்க ஹத்தாப் அவளை 'நீங்க' என்பான். தனியே இருந்தால் 'நீ'தான்.

"அது என்னடா பாத்திரம்?" என்றாள் லெல்லா தாவூஸ்.

"கடலைதான். போற ஊர்ல மலையும் குளிருமா இருக்குமாம்."

அவள் மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். "சீரகம் கம்மி."

"விடிய விடிய அழுதுட்டு அடுப்பு மூட்டுனேன். சீரகமா ஞாபகம் இருக்கும்?"

"அழுறவன் கடைய மூடிட்டு அழணும். தின்ன வர்றவன் என்னடா பாவம் பண்ணுனான்?"

இருவரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற சிப்பாய் திரும்பிப் பார்த்தான். காய்ச்சல் ஊரைச் சூறையாடிய வருஷத்தில் தன் வீட்டு முற்றத்தில் வரிசையாகப் பாய் விரித்து நோயாளிகளைக் கிடத்தியவள் அவள். சிப்பாய்கள் கூட்டத்தைச் சுட்ட வாரத்தில் அடிபட்ட பையன்களை அதே முற்றத்தில் ஒளித்து வைத்தாள். அதற்குத்தான் இந்த ரயில். சிப்பாய்களுக்கு வீட்டு வாசலைக் காட்டிக் கொடுத்தவர், நாலடி தள்ளிப் புகை விட்டுக்கொண்டிருந்தார்.

லெல்லா தாவூஸ் குரலைத் தாழ்த்தினாள். "ஹத்தாப், நான் உயிரோட திரும்பி வரமாட்டேன்."

"வாயக் கழுவு."

"சொல்றதக் கேளு. அப்பா இல்ல. கட்டுனவன் இல்ல. பெத்தது ஒண்ணும் இல்ல. என்னைக் குழிக்குள்ள வாங்கி வைக்க உரிமை உள்ள ஆம்பள ரெண்டே பேரு. ஒருத்தன் அதோ நிக்கிறான். என் வீட்டுக்குள்ள சிப்பாயைக் கூட்டிட்டு வந்த கை அது. அந்தக் கை என்மேல படக் கூடாது."

ஹத்தாப் தலையை மட்டும் ஆட்டினான்.

"ஆட்டாத. வாயத் திறந்து சொல்லு."

"இந்த ரெண்டு கையால வாங்கி வைப்பேன். போதுமா?"

"போதும்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தோடு பெட்டியில் ஏறினாள். அண்ணனை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு ஹத்தாபின் வாழ்க்கையில் எடுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. சுபுஹு தொழுகைக்கு முன்னால் அடுப்பு, மதியம் உறக்கம், சாயங்காலம் காப்பிக் கடையில் சீட்டு. போர் வந்தது, ஜெர்மன்காரர்கள் வந்தார்கள், போனார்கள். கடலை கிடைக்காத மாதங்களில் மொச்சை வேகவைத்து விற்றான். மனைவி மன்னூபியா இரண்டு பெண்களைப் பெற்று, கட்டிக் கொடுத்தும் முடித்தாள். முதுகு வலித்தது. யார் எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் அவன் லெல்லா தாவூஸிடம் வந்து நிற்பான். "மலைக் குளிர்ல என்ன பண்றாளோ" என்பான். அந்தச் சமயத்தில் அவன் குரலில் ஒரு நிமிர்வு வந்துவிடும். ஊரில் எல்லோருக்கும் அவள் இளவரசி. அவனுக்குத் தங்கை.

அந்த நிமிர்வு அவனுக்கு அம்மாவிடமிருந்து வந்தது. ஷெல்பியாவைப் போல வாய் உள்ளவள் அந்தப் பேட்டையில் கிடையாது. ஊர்ப் பொது வெந்நீர்க் குளியலறைக்குப் போனால் மற்ற பெண்கள் அவளுக்குக் கல்மேடையில் இடம் விடுவார்கள். முதுகு தேய்ப்பவளிடம், "பாத்துத் தேயிடி. ராஜ வம்சம் சாஞ்சு படுத்த மாரு இது" என்பாள். பாதி நாள் கேட்ட கதையையே கேட்டுவிட்டு எல்லோரும் சிரிப்பார்கள். பேட்டையில் அந்தக் கதை தெரியாத பெண் இல்லை.

ஒரு ஜனவரி மாதத்தில் லெல்லா தாவூஸ் இறந்த செய்தி வந்தது. உடலைக் கொண்டுவர அனுமதி கேட்டுப் பெரிய மனிதர்கள் அலைந்தார்கள். கடைசியில், கொடி கூடாது, பிரசங்கம் கூடாது, குடும்பத்தார் பொறுப்பில் நடக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. குடும்பத்தார் என்றால் சீதி ருஸ்தம்தான். ஆனால் ஊர்வலத்தை ஊர் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஊரின் கை அந்த வாரம் முழுக்க ஹத்தாபின் கடையில் இருந்தது.

எந்தத் தெரு வழியாகப் போவது, எந்தத் தொழில்காரர்கள் எந்தக் கோட்டை வாசலிலிருந்து எந்த வாசல்வரை தோள் கொடுப்பது என்றெல்லாம் அங்கேதான் அடித்துக்கொண்டார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னவன் ஹம்மூதா. கறிக் கடைக்காரன், ஹத்தாபுக்குச் சின்ன வயதிலிருந்து கூட்டாளி.

"துறைமுகத்துக்காரங்களையும் சாயக்காரங்களையும் ஒண்ணாத் தூக்க விடாதீங்கப்பா" என்றான் ஹம்மூதா. "அவனுங்க பனைமரம். இவனுங்க எல்லாம் முழங்கால் உயரம். லெல்லா சறுக்கிட்டு வந்து என் மடியில உக்காந்துருவாங்க."

"யாருடா முழங்கால்?" என்று ஒரு சாயக்காரன் எழுந்தான். எழுந்தும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கடை சிரிப்பில் அதிர்ந்தது.

"பொம்பளைங்க பக்கம் என்ன முடிவு?" என்று யாரோ கேட்டார்கள்.

உள்ளே கடலை பொறுக்கிக்கொண்டிருந்த மன்னூபியா தலையைத் தூக்காமல் சொன்னாள். "நாங்க மொட்டை மாடில நிப்போம். அழப் போறதில்ல. குலவை போடப் போறோம். கல்யாணப் பொண்ணு மாதிரி போகட்டும். அந்தச் சிப்பாய்ங்க காது கிழியணும்."

எழுந்து நின்ற சாயக்காரன் உட்கார்ந்தான்.

குழிக்குள் நிற்பது ஹத்தாப் என்பதை யாரும் விவாதிக்கக்கூட இல்லை. ஊர் அதற்காகத்தான் காத்திருந்தது. பெண்ணின் உடலை மேலிருந்து பட்டைத் துணியால் இறக்குகிறவன் யாராகவும் இருக்கலாம். உள்ளே நின்று கையில் வாங்குகிறவன் மட்டும் அவள் மணக்கக் கூடாத உறவுக்காரனாக இருக்க வேண்டும். காட்டிக் கொடுத்தவன் கையில் இளவரசி போய்ச் சேரக் கூடாது, அவ்வளவுதான். ஹத்தாபுக்கு முதுகைப் பற்றித்தான் கவலை. ஹம்மூதா அவனை மாவு மில்லுக்குப் பின்னாலிருந்த பள்ளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒத்திகை பார்த்தான். பள்ளத்தில் ஹத்தாப் நிற்க, மேலிருந்து மாவு மூட்டையை இறக்கினார்கள்.

"மெதுவாடா, லெல்லாவோட தலை!" என்று ஹம்மூதா மூட்டையைப் பார்த்துக் கத்தினான்.

"தலை அந்தப் பக்கம்டா, கழுத."

"மூட்டைக்குத் தலை எந்தப் பக்கம்னு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணும்!"

ஹத்தாப் முழுக்க வெள்ளையாகி வீட்டுக்கு வந்தான். வாசலில் ஒரு குதிரை வண்டி நின்றது. அம்மாவின் அறையிலிருந்து வெளியே வந்தவன் ஷெத்லி. சீதி ருஸ்தமின் காரியக்காரன். கையை நெஞ்சில் வைத்து வணக்கம் சொல்லிவிட்டு, மாவு ஒட்டாமல் ஒதுங்கிப் போனான்.

"இவன் எதுக்கு வந்தான்?"

"துக்கம் கேக்க" என்றாள் ஷெல்பியா. பாதாம் பலகாரத் தட்டு ஒன்று அவள் மடியில் இருந்தது. "பாலு குடுத்தவகிட்ட துக்கம் கேக்க வேணாமா? அவனுக்காவது மரியாதை தெரிஞ்சிருக்கு. நீ பேயாட்டம் வந்து நிக்கிற. போய்க் குளி."

ஹத்தாப் ஒரு பலகாரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனான்.

உடல் ஒரு சாயங்கால ரயிலில் வந்தது. பெண்கள் இரவோடு இரவாக அவள் பழைய வீட்டில் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றினார்கள். மறுநாள் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் அடக்கம். காலையிலேயே தெரு நிரம்பிவிட்டது. ஹத்தாப் நகத்தை வெட்டி, தலைமுழுகி, சலவைச் சட்டையோடு அந்த முற்றத்தில் நின்றான். நோயாளிகள் பாய் போட்டுக் கிடந்த அதே முற்றம். மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் ஷேக் வந்தார், ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். சீதி ருஸ்தம் வந்து எல்லோரையும் கட்டித் தழுவினார். ஹத்தாபையும் தழுவினார். பிறகு ஷேக்கிடம் மிகவும் பணிவாகப் பேசினார்.

"ஹத்தாப் எனக்கும் தம்பி மாதிரிதான். இத்தனை வருஷமா பேச்சு வழக்குல எல்லாரும் சொல்றோம். ஆனா இது மார்க்க விஷயம் பாருங்க. சந்தேகத்துக்கு இடம் வச்சு ஒரு அந்நிய ஆம்பள கை என் தங்கச்சி மேல பட்டா, நாளைக்கு ஆண்டவன்கிட்ட யார் பதில் சொல்றது?"

"என்ன சந்தேகம்?" என்றான் ஹம்மூதா. "ஊருக்கே தெரிஞ்ச விஷயம்."

"ஊரா பால் குடுத்துச்சு? குடுத்தவங்க உயிரோட இருக்காங்க. அவங்களையே ஒரு வார்த்தை கேட்டுட்டாப் போச்சு."

ஹத்தாப் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்து அவன் பிற்பாடு எத்தனையோ முறை கூசிப்போனான். "தாராளமா கேளுங்க சீதி. நானே போய்க் கூட்டிட்டு வர்றேன். ஆனா ஒண்ணு, எங்கம்மா ஆரம்பிச்சா நிறுத்தமாட்டாங்க. லுஹர் போயிட்டு அசர் வந்துரும்." முற்றம் சிரித்தது. ஷேக்கூடச் சிரித்தார்.

அவனே போனான். அவனே அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தான். வழி நெடுகக் கூட்டம் விலகி வழிவிட்டது. "பால் குடுத்த தாய்க்கு வழி விடுங்க!" என்று ஆட்கள் குரல் கொடுத்தார்கள். பெண்கள் அவள் போர்வை முனையைத் தொட்டு முத்தமிட்டார்கள். அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. துக்கம் என்று ஹத்தாப் நினைத்துக்கொண்டான்.

உள்ளறையின் திரைக்குப் பின்னால் அவளை உட்கார வைத்தார்கள். ஷேக் திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டார்.

"அம்மா ஷெல்பியா, லெல்லா தாவூஸுக்கு நீங்க உங்க மார்ல பால் குடுத்தீங்களா? ஆண்டவனுக்குப் பயந்து சொல்லுங்க."

திரை ஒருமுறை அசைந்தது.

"இல்ல" என்றாள் ஷெல்பியா. "அப்ப எனக்குப் பால் வத்திப்போச்சு. சொன்னா வேலை போயிரும்னு சொல்லல. ஆட்டுப்பாலு சங்குல ஊத்தித்தான் வளத்தேன்."

முற்றத்தில் ஒரு கூச்சல் எழுந்தது, பிறகு அப்படியே அடங்கிவிட்டது. ஆட்டுப்பாலுக்கு உறவு கிடையாது. ஆயிரம் பேர் ஒரே ஆட்டின் பாலைக் குடித்தாலும் அவர்கள் அந்நியர்தான்.

ஹத்தாப் திரைக்கு நெருங்கிப் போனான். "அம்மா. நான்தான் நிக்கிறேன். கேக்குதா?"

"கேக்குதுடா."

"இன்னொரு தடவ சொல்லு."

"ஆட்டுப்பாலுடா." குரல் உடையவில்லை. வெந்நீர் அறையில் கதை சொல்கிற அதே திடமான குரல்.

ஷேக் கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்தார். பால் கொடுத்தவளே இல்லை என்று சொன்ன பிறகு ஊர்ப் பேச்சை வைத்து ஒருவனைக் குழிக்குள் இறக்க முடியாது என்றார். பெரியவர்கள் தலையாட்டினார்கள். வெளியே அத்தனை ஆயிரம் பேர். லுஹர் நெருங்கிவிட்டது. உடலைக் காக்க வைக்கக் கூடாது. ஹத்தாப் ஹம்மூதாவைப் பார்த்தான்.

"நீ சொல்லுடா. உனக்குத் தெரியாதா?"

ஹம்மூதா தரையைப் பார்த்தான். "எனக்கு என்னடா தெரியும்? நானும் உங்கம்மா சொல்லிக் கேட்டதுதானே. அவங்களே இல்லன்னுட்டாங்க. சட்டம்னா சட்டம்தான்."

ஊர்வலம் போட்ட திட்டப்படியே போனது. அதைப் போல ஒன்றைத் துனிஸ் அதற்குப் பிறகு பார்க்கவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். உடலை வைத்த சந்தூக்கு தரையைப் பார்க்கவே இல்லை, தோளிலிருந்து தோளுக்கு மிதந்துகொண்டே போனது. சாயக்காரர்கள் தூக்கினார்கள், துறைமுகத்துக்காரர்கள் தூக்கினார்கள். ஒவ்வொரு தெருவிலும் மாடியிலிருந்து குலவை எழுந்தது. சிப்பாய்கள் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்கள். ஒரு வாசலில் ஹத்தாபின் தோளும் பட்டது. கூட்டம் தள்ளிய தள்ளலில் உடனே விலகியும் போனது.

ஜல்லாஸ் குன்றின் சரிவில் குழி தயாராக இருந்தது. பெண்ணை இறக்கும்போது வெளியார் கண் படாமல் இருக்கக் குழிக்கு மேலே நாலு பேர் ஒரு வெள்ளைத் துணியை விரித்துப் பிடிக்க வேண்டும். மூன்று முனைக்கு ஆள் வந்துவிட்டார்கள். நாலாவது முனையை யாரோ, அவனுக்கு ஏதாவது கொடுத்து வைப்போம் என்று நினைத்தோ என்னவோ, ஹத்தாபின் கையில் திணித்தார்கள்.

துணி பிடிப்பவன் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அவன் அந்நியன். ஹத்தாப் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கீழே பட்டைத் துணி உரசுகிற சத்தம் கேட்டது. சீதி ருஸ்தம் பெருமூச்சு விட்டுக்கொண்டு, "விடுங்க, விடுங்க, வாங்கிட்டேன்" என்று சொன்னது கேட்டது. ஹத்தாபின் கண்ணுக்கு எதிரே ஏரியும் அதற்கு அப்பால் ஒரு கப்பலும்தான் இருந்தன. அந்தக் கப்பலையே பார்த்துக்கொண்டு நின்றான். துணியை மடிக்கலாம் என்று யாரோ சொன்ன பிறகும் அவன் முனையை விடவில்லை. விரலைப் பிரித்து எடுக்க வேண்டியதாயிற்று.

மறுவாரம் கடையைத் திறந்தான். காப்பிக் கடைப் பக்கமிருந்து ஒருவன், "மே…" என்றான். சிரிப்பு எழுந்தது. அடுத்த நாள் இரண்டு பேர். ஹத்தாப் சீட்டாடப் போவதை நிறுத்தினான். ஹம்மூதா கறி வாங்கச் சொல்லி ஆள் அனுப்பினான். ஹத்தாப் வேறு கடையில் வாங்கினான்.

வீட்டில் அம்மாவோடு பேச்சு இல்லை. சாப்பாடு மன்னூபியா வழியாகப் போகும், வெறும் கிண்ணம் மன்னூபியா வழியாக வரும். "அப்படியே சாகற வரைக்கும் இருக்கப் போறியா? பெத்தவ" என்பாள் மன்னூபியா. "கேளு. ஒரே ஒரு தடவ ஏன்னு கேளு." ஹத்தாப் கேட்கவில்லை. கேட்டு ஆட்டுப்பால் உண்மை என்று வந்தால் தங்கை என்று ஒருத்தி அவனுக்கு எப்போதுமே இருந்ததில்லை. பொய் என்று வந்தால் அம்மா என்று ஒருத்தி இல்லை. இரண்டில் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது?

பதில் பாதியாகத் தானாகவே வந்தது. அந்த வருஷம் ஹஜ்ஜுக்குப் போகச் சீதி ருஸ்தம் தன் செலவில் ஏழு ஏழைகளை அனுப்புகிறார் என்று பள்ளிவாசலில் அறிவித்தார்கள். ஏழாவது பெயர் ஷெல்பியா. ஹத்தாப் அதைத் தொழுகை வரிசையில் உட்கார்ந்து கேட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், "உங்கம்மா குடுத்து வச்சவங்க, நசீப்பு" என்றான். கேலியா, வாழ்த்தா என்று தெரியவில்லை.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஷெல்பியா பேட்டை முழுக்கக் கேட்டு முடித்துவிட்டுக் கடைசியில் முற்றத்தில் மகன் முன்னால் வந்து நின்றாள். வெள்ளை உடுத்து, கண்ணுக்கு மையிட்டிருந்தாள்.

"மன்னிச்சுட்டேன்னு சொல்லு. நீ சொல்லலன்னா நான் போறதுல அர்த்தம் இல்ல."

"யார் குடுத்த துணிடி உடுத்தியிருக்க?" என்றான் ஹத்தாப். அம்மாவை அவன் 'டி' போட்டது அதுதான் முதலும் கடைசியும். மன்னூபியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஷெல்பியாவுக்குக் கோபம் வரவில்லை. "அரண்மனைக்குப் பாடுபட்டேன். உங்கப்பாவுக்குப் பாடுபட்டேன். உனக்குப் பட்டேன். எனக்குன்னு ஒண்ணு கேட்டேன், அது இதுதான். செத்தவளுக்கு எந்தக் கை பட்டா என்னடா? அவ மண்ணுக்குப் போயிட்டா. நான் இனிமேதானே போகணும்?"

"அவ என்கிட்டதான் கேட்டா. என் கையத்தான் கேட்டா."

"தெரியும்."

"அன்னிக்குச் சொன்னது உண்மையா, பொய்யா? அத மட்டும் சொல்லு. இந்த நிமிஷமே மன்னிச்சுடுறேன். ஆண்டவன் மேல ஆணையா."

ஷெல்பியா அவன் முகத்தையே பார்த்தாள். உதடு அசைந்தது. வெளியே வண்டிக்காரன் மணியடித்தான். திரைக்குப் பின்னால் சொன்னதை இங்கே மாற்றிச் சொன்னால், பேட்டைக்குக் கேட்டுவிட்டால், அந்த ஏழாவது பெயர் நிற்குமா என்று அவள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். "வண்டி நிக்குது" என்றாள். போய்விட்டாள். ஹத்தாப் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கப்பலடிக்கும் போகவில்லை.

கப்பல் திரும்பி வந்தபோது ஆறு பேர்தான் இறங்கினார்கள். ஷெல்பியா மதீனாவில் காய்ச்சலில் இறந்து, அங்கேயே அடக்கமாகிவிட்டாள். அங்கே அடக்கமாவது பெரிய பாக்கியம் என்று ஊரே வந்து ஹத்தாபை வாழ்த்தியது. அவன் எல்லோருக்கும் காப்பி கொடுத்தான்.

காலம் போயிற்று. பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே மன்னராட்சியும் போயிற்று. சீதி ருஸ்தம் மாளிகையை இழந்து, மகள் வீட்டு மாடி அறையில் இருக்கிறார் என்றார்கள். லெல்லா தாவூஸின் அடக்க ஊர்வலம் மட்டும் வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அதில் தோள் கொடுக்காத ஆண் பேட்டையில் யாரும் இல்லை என்றாகிவிட்டது. அன்றைக்குப் பிறக்காதவன்கூடக் கொடுத்திருந்தான். நினைவு நாளுக்கு வானொலிக்காரன் ஒருவன் கருவியோடு வந்து பழைய ஆட்களைப் பேசவைத்தான். ஹம்மூதா, பல் இல்லாத வாயோடு, கருவிக்குள் உரக்கச் சொன்னான்.

"பிரெஞ்சுக்காரன் ஆளு இறக்கப் பாத்தான். நாங்க விடல. ஹத்தாப்தான் இறக்குனான். நம்ம லப்லாபி ஹத்தாப்! என் கண்ணால பாத்தேன்."

வானொலிக்காரன் ஹத்தாபிடம் திரும்பினான். கடை நிறைய ஆள். ஹம்மூதாவின் கண்ணில் நீர் கோத்திருந்தது. அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அப்படித்தான் ஞாபகம் இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இல்ல" என்றான் ஹத்தாப். "சீதி ருஸ்தம் இறக்குனாரு. நான் துணி பிடிச்சேன்."

"அட, தன்னடக்கம்" என்று யாரோ சொன்னார்கள். வானொலியில் ஹம்மூதா பேசியது மட்டும் வந்தது.

அதற்கு அடுத்த குளிர்காலத்தில் ஒரு முன்மதியம், கடை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். வயதானவள், வெயிலில் கறுத்தவள். பெண்கள் லப்லாபிக் கடைக்குள் வருவதில்லை. அவளும் வாசலோடு நின்றுகொண்டாள்.

"ஷெல்பியா மகன் நீதானா?"

ஹத்தாப் கரண்டியை வைத்துவிட்டு வந்தான்.

"நான் தெபர்சூக் பக்கம். எங்க ஊர்க் கூட்டத்தோட ஹஜ்ஜுக்குப் போனவ, மதீனாவுலேயே ஒரு வீட்டுல வேலைக்கு நின்னுட்டேன். போன மாசம்தான் ஊருக்கு வந்தேன். உங்கம்மா காய்ச்சல்ல கிடந்தப்ப நான்தான் தண்ணி குடுத்தேன். உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. ஊருக்குப் போற யார்கிட்டயாவது சொல்லி விடலாம்னு நினைச்சு, நினைச்சு, மறந்தே போயிட்டேன்பா. கோச்சுக்காத. முந்தா நாளு பேத்தி பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு இருந்தா. பாத்ததும் ஞாபகம் வந்துச்சு. உடனே பஸ் ஏறிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள், ஒரு சொல்லும் மாறிவிடக் கூடாது என்பதுபோல.

"'என் மகன்கிட்ட சொல்லு. இடது மாரு அவளுக்கு. வலது மாரு அவனுக்கு. அவளுக்குக் குடுத்த பிறகுதான் அவனுக்குக் குடுப்பேன், ஏன்னா அவ அழுதா நிறுத்தமாட்டா. ரெண்டு பேரும் தூங்குறப்ப ஒருத்தர் கைய ஒருத்தர் பிடிச்சுக்குவாங்க. பிரிச்சுத்தான் எடுக்கணும்'னாங்க."